ஆதி திராவிடர், பட்டியல் சாதி, தலித்: ஒன்றுக்குப் பதில் ஒன்றா?

மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு மேடையிலிருந்து இறங்குவது நம் மன்றத்தின் வழக்கம் இல்லை. ஒரு பொருளை எடுத்து அதன் வரலாற்றைப் பேசுவதுதான் நாம் செலுத்தும் அஞ்சலி. இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது, நாம் தினமும் புழங்கும் சில சொற்களை. நம்மைக் குறிக்கும் பெயர்கள், நம் குடியிருப்பைக் குறிக்கும் பெயர்கள், நமக்கான சட்டங்களைக் குறிக்கும் பெயர்கள்.

ஏதாவது ஒரு நாளிதழை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் 'பட்டியலின இளைஞர்' என்றிருக்கும். முதல் பத்தியில் அவரே 'தலித்' ஆவார். காவல்துறை சொன்னதாக வரும் இடத்தில் 'ஆதிதிராவிடர்'. கடைசி வரியில் 'தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்'. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. வேறு சிலர் இந்தப் பெயர்களை ஒரு மரியாதை ஏணியாகப் பார்க்கிறார்கள். பழைய பெயர் கொச்சை, அடுத்தது கொஞ்சம் மேல், இப்போது இருப்பது நாகரிகம் என்பது அவர்கள் கணக்கு. இந்த இரண்டு பார்வைகளும் வரலாற்றைத் துடைத்துவிடுகின்றன என்பது என் வாதம். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மனுவிலோ ஆணையிலோ இயக்கத்திலோ, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காக வந்தது. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் அந்த வேலை நின்றுபோகும். சில சமயம் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் போகும், சில சமயம் ஒரு வழக்கே போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலிருந்து தொடங்குகிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டுகிறார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை தொடங்குகிறார். அதன் பெயர் 'பறையன்'. இருவரும் நெருங்கிய உறவினர்கள். ஒருவர் வீட்டில் இன்னொருவர் பெண் கொடுத்த உறவு. ஆனால் பெயர் விஷயத்தில் இருவரும் எதிரெதிர் திசையில் நின்றார்கள்.

பண்டிதரைப் பொறுத்தவரை 'பறையர்' என்பது நம் பெயரே அல்ல. பௌத்தர்களாக இருந்த பூர்வ குடிகளின் மீது அவர்களை வீழ்த்திய பகைவர் சுமத்திய பெயர் அது. அதை நாமே சொல்லிக்கொள்வது எதிரியின் தீர்ப்பில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்று அவர் கருதினார். 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் இதைச் சலிக்காமல் எழுதினார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது சாதிப் பெயர் எதையும் சொல்லாமல் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியச் சொல்லி இயக்கமே நடத்தினார். கணக்கெடுப்புப் படிவத்தில் சாதி கேட்கும் கட்டத்திலேயே சாதி இல்லை என்று எழுதச் சொன்னவர் அவர். இன்றைக்கும் இதைவிடத் துணிவான ஒரு கோரிக்கையை நான் படித்ததில்லை.

சீனிவாசன் வேறு விதமாக யோசித்தார். வேறு பெயரில் ஒளிந்துகொண்டு போனால் உரிமை கேட்க முடியாது, இந்தப் பெயரில் இழிவு வந்தது என்றால் இதே பெயரில்தான் நியாயமும் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. அதனால்தான் பத்திரிகைக்கு அந்தப் பெயர். படித்து வேலைக்குப் போன சிலர் பெயரை மறைத்து வாழ்ந்த காலம் அது. அவர்களைச் சங்கடப்படுத்திய பெயரை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டார் அவர். இருவரில் யார் சரி என்று நூறாண்டுக்கு மேலாக நம் மேடைகளில் கேட்டுவருகிறோம். என் பார்வையில் அவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நாம் யார் என்ற கேள்விக்குப் பண்டிதர் பதில் சொன்னார். நமக்கு நடந்ததை எந்தப் பெயரில் முறையிடுவது என்ற கேள்விக்குச் சீனிவாசன் பதில் சொன்னார். நாம் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிட்டுச் சண்டை போடுகிறோம்.

இதற்கிடையில் அரசாங்கமும் மிஷனரிகளும் தியாசபி சங்கத்தாரும் 'பஞ்சமர்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறில் தொடங்கிய பள்ளிக்கே பஞ்சமர் இலவசப் பள்ளி என்றுதான் பெயர். கேட்பதற்கு 'பறையர்' என்பதைவிட மென்மையாக இருந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் வருணத்தார் என்பது இதன் பொருள். ஐந்தாவது என்று ஒன்று கிடையாது என்று மனுவே சொல்கிறபோது, இல்லாத ஒரு படியைக் கட்டி நம்மை அதில் உட்காரவைத்தார்கள். நான்கு வருணமும் உண்மை என்று ஒப்புக்கொண்டால்தான் ஐந்தாமவர் என்று ஒருவர் இருக்க முடியும். பண்டிதர் இந்தப் பெயரையும் ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை.

'ஆதி திராவிடர்' என்ற பெயர் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. தெலுங்குப் பகுதியில் 1917-இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பாக்கியரெட்டி வர்மா தலைமையில் கூடிய பஞ்சமர் மாநாடு அங்கேயே தன் பெயரை ஆதி ஆந்திரர் மாநாடு என்று மாற்றிக்கொண்டது. பஞ்சாபில் மங்கு ராம் 1926-இல் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்குகிறார். உத்தரப் பிரதேசத்தில் சுவாமி அச்சுதானந்தர் ஆதி இந்து என்றார். அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் நம் மக்கள் தேர்ந்தெடுத்த முன்னொட்டு 'ஆதி'. நாங்கள் வெளியே தள்ளப்பட்டவர்கள் இல்லை, எங்களுக்கு முன்னால் இங்கே யாரும் இல்லை என்ற வரலாற்று உரிமைக்கோரல் அதில் இருந்தது.

சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா 1922 ஜனவரியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பதிவேடுகளிலிருந்து 'பஞ்சமர்', 'பறையர்' என்ற சொற்களை நீக்கித் தமிழ் மாவட்டங்களில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, 1922 மார்ச் 25-ஆம் தேதி அரசாணை எண் 817 வெளிவந்தது. நம் மக்கள் தாங்களே தேர்ந்த பெயரை அரசு தன் ஏட்டில் எழுத வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்டுப் பெற்ற நாள் அது. இதைப் பெரியவர்களின் பிறந்தநாள்களைப் போல நாம் கொண்டாடுவதில்லை. கொண்டாட வேண்டும்.

ஒரு விசித்திரமான தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். சென்னை அரசு அந்தச் சொல்லை ஏட்டிலிருந்து எடுத்த ஒரே வாரத்தில், 1922 ஏப்ரல் 1-ஆம் தேதி, பாரீஸில் ஒரு பத்திரிகை தொடங்கியது. பிரெஞ்சுக் காலனிகளிலிருந்து வந்த தோழர்களோடு சேர்ந்து அதை நடத்தியவர் பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த இளைஞர். பத்திரிகையின் பெயர் 'ல பரையா'. நம் சாதிப் பெயர் கப்பலேறிப் போய், ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டிருந்தது. சமூகவியல் வகுப்பில் மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று எழுதியதைப் பாடமாக வைத்தார்கள். வகுப்பில் யாரும் அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து போனது என்று நின்று பேசவில்லை. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அந்தச் சொல்லை இன்றும் ஆங்கில ஏடுகள் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. ஒரு நாட்டைத் திட்டுவதற்கு நம் பெயர் வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

அரசாணை 817-க்குப் பிறகு நடந்ததுதான் இன்றைய குழப்பத்தின் வேர். பெயர் மாறியது, ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் மாறவில்லை. ஒரு குடும்பத்தில் அண்ணன் 'ஆதி திராவிடர்' என்று பதிந்தார், தம்பி பழைய பெயரிலேயே பதிந்தார். பள்ளர் குடும்பங்களிலும் சிலர் 'ஆதி திராவிடர்' என்று சான்றிதழ் வாங்கினார்கள். பொதுப் பெயராக வந்தது, பட்டியலில் ஏறியபோது ஒரு தனிச் சாதியின் பெயராகவும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் பட்டியலில் 'ஆதி திராவிடர்' ஒரு பதிவு. 'பறையர், சாம்பவர்' வேறொரு பதிவு. ராஜா நீக்கச் சொன்ன 'பஞ்சமர்' கூட அதே பட்டியலில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆதி திராவிடர் 54 லட்சம், பள்ளர் 22.7 லட்சம், பறையர் 18.6 லட்சம், சக்கிலியர் 7.77 லட்சம், அருந்ததியர் 7.72 லட்சம் என்று எண்ணியது. இந்த எண்களை வைத்துக்கொண்டு 'எங்கள் சாதிதான் பெரிது' என்று பேசுவோர் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். 54 லட்சம் என்பது ஒரு சாதியின் தொகை இல்லை, 1922-இன் கோரிக்கையை ஏற்றுப் பதிந்தவர்களின் வாரிசுகளுடைய தொகை. அதே நேரத்தில் ஒரே மக்கள் சக்கிலியர் என்றும் அருந்ததியர் என்றும் இரண்டாகப் பிரித்து எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

நலத்துறையின் பெயரோ 'ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை'. அங்கே அந்தச் சொல் பட்டியலில் உள்ள எல்லோரையும் குறிக்கிறது. சான்றிதழில் அதே சொல் ஒரு பிரிவை மட்டும் குறிக்கிறது. இந்த வேறுபாடு 2009 வரை பேச்சு வழக்கின் பிரச்சினையாக மட்டும் இருந்தது. அந்த ஆண்டு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது சட்டம் ஏழு பெயர்களை எழுதியது: அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர். ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் சான்றிதழில் 'ஆதி திராவிடர்' என்று இருந்தால் அந்த 3 சதவீதம் அவளுக்கு இல்லை. தாத்தா பெருமையோடு எழுதிய பெயர் பேத்தியை வெளியே நிறுத்தும். உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்ட பிறகு, எந்தப் பெயரில் சான்றிதழ் வாங்குவது என்பது இன்னும் கூர்மையான கேள்வி ஆகியிருக்கிறது.

பட்டியல் என்ற சொல்லுக்கு வருவோம். பூனா ஒப்பந்தம் 1932 செப்டம்பரில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அந்த இடங்களில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்ய ஒரு அட்டவணை வேண்டியிருந்தது. 1935 சட்டத்தின்கீழ் 1936-இல் அந்த அட்டவணை ஆணையாக வந்தது. அட்டவணைச் சாதி என்ற சொல் குமாஸ்தாவின் மேசையில் பிறந்தது. யாரும் அதை முழக்கமாக எழுப்பவில்லை. ஆனால் அம்பேத்கர் 1942-இல் அகில இந்தியக் கட்சி தொடங்கியபோது அதற்கு அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பு என்றே பெயர் வைத்தார். நம்முடைய என். சிவராஜ் அதன் தலைவரானார். அழகில்லாத அந்தச் சொல்லுக்கு இருந்த பலம், அதை எவரும் மறுக்க முடியாது என்பதுதான். அட்டவணையில் பெயர் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவே கேள்வி.

இன்றைய இதழ்கள் இதைப் 'பட்டியல் இனம்' என்று எழுதுகின்றன. அரசியலமைப்பு 'சாதிகள்' என்று எழுதியிருக்கும்போது எப்படி 'இனம்' ஆனது? சாதி என்ற சொல்லை உச்சரிக்கக் கூசுவதால்தான் என்று நினைக்கிறேன். கொடுமை நடக்கும்போது கூசாதவர்கள் எழுதும்போது கூசுகிறார்கள். இனம் வேறு, சாதி வேறு. நம்மை ஒடுக்கியது இனத்தின் பெயரால் இல்லை. இந்தச் சொல்லை நம் கூட்டங்களின் துண்டறிக்கைகளிலாவது விட்டுவிடலாம்.

'எஸ்சி எஸ்டி' என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதுவும் ஒன்றல்ல. சாதிப் பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தவரைப் பட்டியலில் சேர்க்காது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. பழங்குடிப் பட்டியலில் இந்த மத நிபந்தனையே கிடையாது. ஓர் இருளர் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றாலும் பழங்குடியாகவே இருக்கும். அதே ஊரில், அதே ஆலயத்தில், அதே நாளில் ஞானஸ்நானம் பெறும் பறையர் குடும்பம் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஆலயத்துக்குள் தனி வரிசையும் கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் மட்டும் மாறுவதில்லை. இவர்களைத் 'தலித் கிறிஸ்தவர்' என்கிறோம், சரிதான். 'பட்டியல் சாதிக் கிறிஸ்தவர்' என்று எழுதினால் சட்டத்தில் இல்லாத ஒருவரை எழுதுகிறோம். இந்தக் கேள்வியை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

'ஹரிஜன்' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்தப் பெயரை நாம் கேட்கவில்லை. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்குள் அந்தச் சொல்லை நுழைத்தபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். சான்றிதழ்களில் அதை எழுதக் கூடாது என்று 1982-இல் ஒன்றிய அரசே சொன்னது. மற்றபடி கடவுளின் பிள்ளைகள் எல்லோரும் என்றால் நாம் மட்டும் ஏன் தனியாக என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.

ஒரு இலக்கணக் குறிப்பு. 'தாழ்ந்த சாதி' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்ட சாதி' என்பதற்கும் நடுவில் ஒரு வரலாறே இருக்கிறது. முதலாவதில் நீர் மட்டம் தாழ்வதைப் போல ஏதோ தானாக நடந்திருக்கிறது. இரண்டாவதில் யாரோ செய்திருக்கிறார்கள். 'பின்தங்கிய' என்பதும் 'பிற்படுத்தப்பட்ட' என்பதும் அப்படியே. தமிழ் செயப்பாட்டுவினைக்குள் குற்றவாளி மறைந்து நிற்கிறார், ஆனால் நிற்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர்கள் அந்த ஆளைத் தப்பிக்க விடுகிறார்கள். செய்தித்தாள்களில் 'இரு தரப்பினர் மோதல்' என்று வருவதும் இதே வேலைதான். ஒரு பக்கம் மட்டுமே வீடு எரிந்தால் அதற்குத் தமிழில் தாக்குதல் என்ற சொல் இருக்கிறது.

'தலித்' என்ற சொல் இந்த வரிசையில் கடைசியாகத் தமிழுக்கு வந்தது. மராத்தியில் பழைய சொல். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் அதைக் கொடியாக்கியது. அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் பட்டியல் சாதியினரோடு பழங்குடியினரையும் நவபௌத்தரையும் நிலமற்ற உழைப்பாளிகளையும் பெண்களையும் தலித் என்றே வரையறுத்தார்கள். தமிழில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி அந்தச் சொல் வேர்பிடித்தது. 1992-இல் பாமாவின் 'கருக்கு', 1993-இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு'. அது யாரும் சான்றிதழில் வாங்கும் பெயர் இல்லை. வட்டாட்சியர் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. 2018-இல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு 'தலித்' என்று சொல்லாதீர்கள், 'பட்டியல் சாதி' என்று சொல்லுங்கள் என்று அறிவுரை அனுப்பியது. இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்கு அந்த அறிவுரை? ஒன்று உதவி பெறுபவரின் பெயர், மற்றது கேள்வி கேட்பவரின் பெயர் என்று அமைச்சகத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம்மில் ஒரு பகுதியினர் இந்தப் பெயரை ஏற்கவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் 2021-இல் நாடாளுமன்றச் சட்டமாகவே ஆனது. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமையைப் பண்டிதருக்கும் ராஜாவுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டு இவர்களுக்கு மட்டும் மறுக்க எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

மனிதர்களின் பெயருக்கு நடந்ததுதான் இடங்களின் பெயருக்கும் நடந்தது. சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். சோழர் காலப் பிரமதேய ஊர்களில் பார்ப்பனர் வாழ்ந்த பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர், அதுவும் அரசரின் பட்டப் பெயர்களோடு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆடல் மகளிர் 400 பேர் குடியிருந்தது தளிச்சேரி. அதே ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனியாக வருகிறது, பறைச்சேரி தனியாக வருகிறது, தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளில் மற்றவர்களின் சேரிகள் அக்கிரகாரமாகவும் தெருவாகவும் மாறிக்கொண்டன. நம்முடையது மட்டும் சேரியாக மிஞ்சியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளால் 'காலனி' வந்தது. ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் நகரத்தில் மதிப்பு. கிராமத்தில் 'காலனி' என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். சுடுகாட்டுப் பாதை வேறு எங்கோ இருக்கிறது.

நிலத்துக்கும் இது பொருந்தும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையை ஒட்டி, 1892-இல் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. மக்கள் அதைப் பஞ்சமி நிலம் என்கிறார்கள். பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று இருக்கும். 'டி.சி.' என்பது ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்து. இன்றைய இளம் ஊழியர் ஒருவருக்கு அது சீர்மரபினர் என்று தோன்றலாம், தோன்றியும் இருக்கிறது. பூதான நிலம், உச்சவரம்பில் கிடைத்த நிலம், நத்தம் பட்டா, பஞ்சமி நிலம் எல்லாவற்றையும் 'அரசு கொடுத்த நிலம்' என்று நாமும் பேசுகிறோம். பூதான நிலத்துக்கும் நத்தத்துக்கும் விதிகள் வேறு. கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை எந்தக் கிரயப் பத்திரம் காட்டினாலும் திரும்பக் கேட்கலாம் என்ற பிடி அந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. 1994 அக்டோபர் 10-இல் காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டது அந்தப் பிடிக்காக.

கடைசியாக, எனக்கு மிகவும் அவசரமாகப் படும் ஒரு சொல். ஊரில் யாரைக் கேட்டாலும் 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். 'பி.சி.ஆர். போட்டுட்டாங்க', 'பி.சி.ஆரை வாபஸ் வாங்கு'. எதிரிகளும் அப்படியே, நாமும் அப்படியே, சில வழக்கறிஞர்களும் அப்படியே. அவர்கள் சொல்வது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை. பி.சி.ஆர். என்பது வேறு சட்டம்.

அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அது அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29-இல் ஏற்கப்பட்டபோது தீண்டாமை என்றால் என்ன என்ற வரையறை அதில் எழுதப்படவில்லை. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்தியபோது பெயரையும் மாற்றிக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றார்கள். இதுதான் பி.சி.ஆர். கோயில், கடை, கிணறு, பொதுப்பாதை, இரட்டைக் குவளை போன்றவற்றில் தீண்டாமையின் பெயரால் தடுப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். வெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்ட நாட்டுக்கு இந்த அளவுகோல் போதாது என்பதால்தான் 1989 சட்டமே வந்தது. அதில் சாதாரணக் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை. 18-ஆவது பிரிவு முன்ஜாமீனை அடைக்கிறது. துணைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிந்தவுடன் நிவாரணத்தின் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. காவல் நிலையங்களுக்கு மனுவோடு போய்வந்ததில் நான் பார்த்திருப்பது இது: 'பி.சி.ஆர். போடுங்க' என்று நாம் கேட்டால், அதையே சாக்காக வைத்து மெல்லிய சட்டத்தின் பிரிவுகளை மட்டும் எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். நகலை வாங்கிப் படிக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. மனுவில் சட்டத்தின் ஆண்டை எழுதுங்கள், 1989 என்று.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சு. 1989 சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இருக்க வேண்டும், செய்தவர் பட்டியலில் இல்லாதவராக இருக்க வேண்டும். மெல்லியது என்று ஒதுக்கிய 1955 சட்டத்தில் இந்த இரண்டு நிபந்தனையும் இல்லை. தீண்டாமையின் பெயரால் எவர் எவரைத் தடுத்தாலும் குற்றம். ஆகவே சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவராகிவிட்ட தலித் கிறிஸ்தவர், டீக்கடையில் தனிக் குவளை கொடுத்தால் போகக்கூடிய கதவு உண்மையான பி.சி.ஆர்.தான். வன்கொடுமைச் சட்டம் அவருக்கு இல்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்ன பிறகு இது இன்னும் முக்கியம்.

புதிரை வண்ணார் குடும்பத்துக்கும் அதே கதவுதான். அவர்கள் துணி வெளுப்பது நமக்கு. அவர்கள் வாசலில் நிற்பது நம் வீடுகளின் முன்னால். நம் தெருக் கோயிலில் அவர்களை வெளியே நிறுத்தினால், அருந்ததியப் பிள்ளைக்கு நம் தெருக் குழாயில் தனி முறை வைத்தால், 1989 சட்டம் அங்கே செல்லாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் பட்டியல் சாதி. 1955 சட்டம் செல்லும். எல்லா வழக்கையும் 'பி.சி.ஆர்.' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயரில் ஒரு தனிச் சட்டம் இருப்பதையும் அது நம் தெருவுக்குள்ளும் வரும் என்பதையும் நாம் வசதியாக மறந்திருக்கிறோம். அந்தச் சட்டத்தின் தமிழ் வடிவத்தைக் கொஞ்சம் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.